காகம் இல்லாத மலை

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் அனுப்பி வளர்த்த பிள்ளைகள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையைக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட நான் போன ஐப்பசியில் சிலி நாட்டுக்குத் தனியாகப் போய் வந்தேன். சண்டிலிப்பாயில் அங்கே போய் வந்தவர் வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அங்கே இருப்பவள் என் கடைசி மகள் வதனி. ஒரு மலையில் வெள்ளி பார்க்கிறாள். நட்சத்திரத்தை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வது. சுன்னாகத்து மின்சாரம் நின்றுபோய்க் குடாநாடு முழுக்க இருட்டாய்க் கிடந்த வருடங்களில் வளர்ந்தவள். மற்றப் பிள்ளைகள் இருட்டென்று சிணுங்கும்போது இவள் முற்றத்தில் பாயைப் போட்டு மல்லாந்து கிடப்பாள். வட்டுக்கோட்டையில் படித்தாள், கொழும்பில் படித்தாள், பிறகு வெளிநாடுகளில் படித்தாள். படித்து முடிந்தது எப்போது, வேலை தொடங்கியது எப்போது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் முந்தின வருடம் ஐப்பசி அமாவாசையன்று காலமானார். மூத்தவன் சிறீ உடனே தங்கைக்குப் போன் எடுத்தான். "அண்ணை, நான் வேலையாய் நிக்கிறன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அவன் விஷயத்தைச் சொல்லவே இல்லை. பிறகு அவள் திருப்பி எடுத்தபோது இவன் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் கதைப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அவள் வரவில்லை, ஊர் அதையே கதைத்தது.

என்னோடு கிழமைக்கு ஒருதரம் கதைப்பாள். மருந்து குடித்தீர்களோ, மழை பெய்கிறதோ, முழங்கால் நோ எப்படி என்று எல்லாம் கேட்பாள். அப்பா எப்படிப் போனார் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? நானும் சொல்லவில்லை.

வருடம் முடிய வருகிற ஆட்டத் திவசம் கிட்ட வந்தது. சிறீ ஐயருக்குச் சொல்லி, சாமான்களும் எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து நான் வதனியிடம் போகப் போகிறேன் என்றேன்.

"திவசத்துக்கு நீங்கள் வீட்டிலை நிக்காமல் எங்கை போறியள்? ஊர் என்ன கதைக்கும்?"

"கதைக்கிறது கதைக்கட்டும். இஞ்சை நீங்கள் நாலு பேர் நிக்கிறியள். அங்கை அவளோடை ஆர் நிக்கினம்?"

"அவளுக்கு அவளின்ரை வெள்ளியள் நிக்குதுகள்."

"உதைத்தான் நானும் பாக்கப் போறன்."

வெள்ளி பார்க்க நான் போகவில்லை. முகத்துக்கு நேரே இருந்தால் அவள் கேட்பாள் என்று போனேன். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் வாயைத் திறக்காமல் திரும்பி வருவேன். இப்படித் தீர்மானித்துக்கொண்டுதான் பெட்டி கட்டினேன்.

ஆகாயத்தில் எனக்கு இரண்டு இரவு வந்ததா, ஒரே இரவு இரண்டு தரம் வந்ததா என்று விளங்கவில்லை. இறங்கிய இடத்தில் காது தொங்கிய ஒரு சின்ன நாய் வந்து என் பையை மணந்து பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்திவிட்டது. அதன் பின்னால் சீருடை போட்ட ஒரு பெட்டை வந்து பையைத் திறந்தாள். உள்ளே பனாட்டும் புழுக்கொடியலும் இருந்தன. பனம்பழத்தின் களியை நானே பிசைந்து வெயிலில் காயவைத்த பனாட்டு. வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவுப் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல். இரண்டும் அவருக்கு விருப்பமானவை. அமாவாசைப் படையலுக்கென்று கொண்டு போனேன்.

அவள் ஒரு புழுக்கொடியலை எடுத்து மேசையில் தட்டினாள். டொக் டொக் என்றது. மரம் என்று நினைத்தாளாக்கும். தின்கிற சாமான் என்று காட்ட நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். என் வயதில் புழுக்கொடியல் கடிக்கப் பல் இருக்கிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். சிரித்தாள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தொட்டியில் போட்டாள். கறித்தூளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பலமாகத் தும்மிவிட்டு, அதை மட்டும் கொண்டு போ என்று கையால் காட்டினாள். நாயின்மேல் எனக்குக் கோபமில்லை. அது தன் வேலையைச் செய்தது.

வெளியே வதனி நின்றாள். முன்மயிர் நரைத்திருந்தது. அந்த வயதில் எனக்கு ஒரு நரை இல்லை. ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"குளிருதோ அம்மா?"

"பனாட்டைக் குப்பையிலை எறிஞ்சு போட்டாள் பிள்ளை."

"அப்பாவுக்கே கொண்டு வந்தனீங்கள்?" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

அந்தப் பட்டினத்தில் ஒரு நாள் தங்கினோம். காலையில் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவன் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்து "பாண்" என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பேக்கரி ரொட்டிக்கு நாங்கள் சொல்கிற அதே பாண். மேசையைத் தொட்டுக் காட்டினேன். "மேசா" என்றான். காலைக் காட்டினேன். சப்பாத்துக்கும் கிட்டத்தட்ட எங்கள் சொல்தான். எங்கள் கரைக்கு வந்த போர்த்துக்கேயப் பறங்கியனின் சொந்தக்காரன் அங்கேயும் போயிருக்கிறான் என்று வதனி விளக்கினாள். பாண் நல்ல பாண். சம்பல் இல்லாத குறைதான். ஆனைக்கொய்யாவை, அதுதான் அவகாடோவை, உப்புப் போட்டு மசித்துப் பாணில் பூசித் தின்கிறார்கள். நாங்கள் சீனி போட்டுத் தின்பதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

அடுத்த நாள் மலைக்கு வெளிக்கிட்டோம். வான் ஓட்டியவன் பெயர் லூச்சோ. பெரிய வயிறு, பெரிய மீசை, கண்ணாடிக்குக் கீழே ஒரு மாதா சுரூபம். குருநகர்ப் பக்கத்து ஓட்டோக்காரர் மாதிரியே இருந்தான். பட்டினம் முடிந்ததும் பூமி மொட்டையாகிவிட்டது. ஒரு பனை இல்லை, ஒரு பூவரசு இல்லை, ஒரு வேலி இல்லை. வேலி இல்லாத காணியை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

"உதெல்லாம் ஆரின்ரை காணி?"

"ஒருத்தற்றையும் இல்லை அம்மா."

"எல்லைச் சண்டையும் இல்லையோ?"

"சண்டை பிடிக்கத் தண்ணி வேணுமே. இஞ்சை மழை எண்டதே இல்லை."

கொஞ்சத் தூரம் போனபின் நான் கேட்டேன். "நீ பாக்கிற வெள்ளி எது பிள்ளை? ஒருக்கால் விளங்கச் சொல்லு. ஊரிலை கேட்டால் நான் என்ன சொல்ல?"

வேலையைப் பற்றிக் கேட்டால் அவள் முகம் வெளிக்கும். சின்னதிலிருந்தே அப்படி.

"சூரியனைவிட எத்தினையோ மடங்கு பெரிய வெள்ளியள் அம்மா. சரியான சூடு. அதாலை நீலமாய் இருக்கும். அதுகளின்ரை வெளிச்சமே அதுகளின்ரை மேற்புறத்தைத் தள்ளிக்கொண்டு போகும். தோல் உரிஞ்சு பறக்கிற மாதிரி. அதைத்தான் வெள்ளியின்ரை காத்து எண்டு சொல்லுறது."

"வெளிச்சம் தள்ளுமோ?"

"தள்ளும். ஆனால் அதுக்கு ஒரு பிடி வேணும். வெள்ளிக்குள்ளை இரும்பு மாதிரிச் சாமான் இருந்தால் பிடி கிடைக்கும். நான் பாக்கிறது எங்கடை பால்வீதிக்கு வெளியிலை இருக்கிற சின்னக் கூட்டங்கள். பக்கத்து வளவு எண்டு வையுங்கோ. அங்கை இரும்பு குறைவு. அதாலை காத்தும் மெல்லிசு. எவ்வளவு மெல்லிசு எண்டு அளக்கிறதுதான் என்ரை வேலை."

"பக்கத்து வளவோ? எவ்வளவு தூரம்?"

"வெளிச்சம் வந்து சேர லட்சக்கணக்கான வருசம் எடுக்கும்."

"நல்ல பக்கத்து வளவு. இரும்பு குறைவெண்டால் முருங்கையிலை வறை குடுக்க வேண்டியதுதானே."

வதனி சிரித்து, லூச்சோவுக்கும் அதைச் சொன்னாள். அவன் சுக்கானில் அடித்துச் சிரித்தான். தன் மனைவிக்கும் இரும்பு குறைவு என்றும், டாக்டர் பருப்புத் தின்னச் சொன்னதாகவும், அவள் இறைச்சிதான் தின்பேன் என்று நிற்பதாகவும் சொன்னான்.

"சரி, காத்தை அளந்து என்ன செய்யப் போறாய்?"

"எவ்வளவு கரையுது எண்டு தெரிஞ்சால், அந்த வெள்ளி கடைசியிலை எப்பிடிச் சாகும் எண்டு சொல்லலாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்தாள். வெள்ளி எப்படிச் சாகும் என்று கேட்க உலகத்தின் அந்தக் கரை வரை வந்த பிள்ளைக்கு, தகப்பன் எப்படிப் போனார் என்று கேட்க வாய் வரவில்லை. நானும் வெளியே பார்த்தேன்.

அப்போதுதான் ரயர் வெடித்தது. மாற்று ரயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. லூச்சோ தன் தலையில் தானே ஒரு குட்டுப் போட்டான். வேறு வாகனம் வரும்வரை தெருவோரத்தில் நின்றோம். அங்கே நாய்க்கூடு அளவில் ஒரு சின்னக் கோயில் கிடந்தது. அதைச் சுற்றித் தண்ணீர்ப் போத்தல்கள். நிறையப் போத்தல்கள், எல்லாம் நிரப்பி மூடி வைத்தவை.

"தண்ணியில்லாத ஊரிலை உதென்ன?"

லூச்சோ சொல்லச் சொல்ல வதனி தமிழில் சொன்னாள். "இந்தப் பாலைவனத்திலை தண்ணி விடாய்ச்சுச் செத்த ஆக்களை நினைச்சு வைக்கிறதாம். போறவாற ஆக்கள் எல்லாரும் ஒரு போத்தல் வைப்பினமாம். செத்த ஆக்களுக்கும் விடாய்க்கும் எண்டு சொல்லுறார்."

"எங்களிலையும் உதுதானே," என்றேன் நான். "உயிர் போன இடத்திலை செம்பிலை தண்ணி வைச்சு எடுக்கிறதெண்டு சொல்லு. உன்ரை கொப்பருக்கும் வைச்சது."

அவள் அதை லூச்சோவுக்குச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றாள். பிறகு வானுக்குள் போய்த் தன் போத்தலை எடுத்துக்கொண்டுவந்து மற்றப் போத்தல்களோடு வைத்தாள். இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். வாகனம் வந்துவிட்டது.

மலையில் வேலை செய்கிறவர்கள் தங்க ஒரு பெரிய வீடு. அங்கே சமையலுக்குப் பொறுப்பு மார்த்தா என்ற மனுசி. என்னைவிட இருபது வயது குறைவு, என்னைவிட இரண்டு மடங்கு அகலம். நான் மரக்கறி என்று வதனி சொன்னதும், கோழியும் தின்னமாட்டாவோ என்று கேட்டாள். கோழி மரக்கறியில்லை என்று சொல்ல, அப்ப மீன் என்றாள். கடைசியில் பூசணிக்காயும் அவரையும் போட்டு ஒரு கூழ் தந்தாள். நல்ல கூழ். உறைப்பில்லை. என் தூளில் ஒரு கரண்டி போட்டதும் சரியாகிவிட்டது. அவளும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணீரோடு இரண்டாம் வாய் வைத்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

வதனிக்கு அந்த முறை கொடுத்திருந்தது மூன்று இரவுகள். நிலவில்லாத இரவுகளைத்தான் கேட்டு வாங்குவாளாம். நிலவின் வெளிச்சத்திலும் நீலம் கலந்திருக்கும், தனக்கு வேண்டியதும் நீலம், அது கலங்கிப்போகும் என்றாள். ஆகவே அவளுடைய வேலையும் எங்கள் அமாவாசையும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் இரவு காற்று. பொழுது படவே தொடங்கிவிட்டது. குறித்த அளவுக்கு மேலே காற்று வீசினால் தொலைநோக்கி இருக்கிற கூண்டின் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் பெரிய கண்ணாடியில் மண் படும். வதனி ஒரு திரையில் காற்றின் கணக்கைப் பார்த்தபடி இருந்தாள். இயந்திரத்தை ஓட்டுகிற எர்னான் என்பவர் கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், வதனி தமிழாக்கினாள்: "உங்களைக் காத்தோடை ஒருக்கால் கதைச்சுப் பாக்கட்டாம்."

"எங்கடை சோழகக் காத்தெண்டால் கதைக்கலாம். கச்சான் எண்டாலும் கதைக்கலாம். உது என்ன காத்தெண்டே தெரியாமல் என்னண்டு கதைக்கிறது?"

வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கரிய வானம், உப்பைக் கொட்டியது மாதிரி வெள்ளிகள். தெற்குப் பக்கமாக இரண்டு வெள்ளைத் திட்டுகள் நின்றன.

"பிள்ளை, மப்பும் வருகுது. இண்டைக்குச் சரிவராது."

வதனி வந்து என் தோளில் கையை வைத்தாள். "அது மப்பில்லை அம்மா. அதுதான் பக்கத்து வளவு. தெற்கிலை நிக்கிற அந்தச் சின்னத் திட்டுத்தான் என்ரை."

எனக்கு முகில் துண்டு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அது நகரவில்லை. வதனி அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தால், நான் வெங்காயத் தோட்டத் தறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது மாதிரி இருந்தது. கதவு அன்று திறபடவே இல்லை. ஒரு இரவு போனால் அடுத்த வருடம்தான். வேலையையும் வருடா வருடம் பார்த்துத்தான் நீட்டுகிறார்களாம். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் அமாவாசை. எங்கள் மத்தியானம் அவர்களுக்கு விடியப்புறம். நான் எழும்பும்போது வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. சுன்னாகத்தில் கட்டிக் கொடுத்த மகள் போனில் சொன்னாள்: "ஐயர் திவசம் செய்துபோட்டுப் போயிட்டார் அம்மா. எல்லாம் ஒழுங்காய் நடந்தது. அண்ணைதான் கொஞ்சம் அழுதவர்."

நான் விரதம். வதனி காலையில்தான் படுத்தாள். மார்த்தாவிடம் சட்டி என்று கையால் காட்டினேன். மாட்டிறைச்சி சமைத்த சட்டியாக இருக்குமோ என்று எனக்குப் பயம். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விலைச்சீட்டு ஒட்டியபடி இருந்த புதுச் சட்டி ஒன்றை எடுத்துத் தந்தாள். அடுப்பில் ஒரு மூலையும் தந்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், பாயசம். பருப்பை ஊறப்போட்டு அரைத்து வடையும் சுட்டேன். வாழையிலைக்கு எங்கே போவது? மார்த்தா இரண்டு பெரிய கீரை இலைகளைக் கழுவித் துடைத்துத் தந்தாள்.

வதனி எழும்பி வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல் படையலைத் தெற்குப் பார்க்க வைத்துவிட்டேன். இறந்தவர்களின் திசை தெற்கு. ஐப்பசியில் மத்தியானம் எங்கள் நிழல் வடக்கே விழும், நிழலுக்கு முதுகு காட்டி நின்றால் தெற்கு. இது எனக்குத் தெரியாததா?

வதனி இலையைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் வடக்கைப் பாத்து வைச்சிருக்கிறியள்."

"எனக்குத் திசை படிப்பிக்கிறியோ?"

"இல்லை அம்மா. இஞ்சை சூரியன் வடக்காலை போகுது. மத்தியானம் நிழல் தெற்குப் பக்கம்தான் விழும்."

நான் நம்பவில்லை. பிறகு முதல் நாள் இரவு அந்த வெள்ளைத் திட்டு எந்தப் பக்கம் நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால். அவள் சொல்வது சரி. அவள் இலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சோறு சிந்தாமல் மெதுவாகத் திருப்பினாள். வருடா வருடம் அமாவாசைக்குக் கண்விழித்துத் தெற்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் ஊர் கதைக்கிறது என்று எனக்குப் பட்டது.

கும்பிட்டோம். இனிக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் தின்றால்தான் நாங்கள் தின்னலாம். மற்ற இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டு, எட்ட ஒரு கல்லில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். ஒரு அசைவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். மார்த்தா கதவால் தலையை நீட்டினாள். வதனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன சிரிப்பு?"

"இஞ்சை காகம் இல்லை அம்மா."

"இண்டைக்கு வராதோ?"

"இந்த நாட்டிலையே இல்லை."

காகம் இல்லாத நாடு ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றைக் கூட்டில் போட்டுக் கொண்டு போயிருப்பேன், அந்த நாய் என்ன செய்தாலும். சிவப்புத் தலைக் கழுகு ஒன்று மேலே வட்டமிட்டது. மார்த்தா அதைக் காட்டி, அது கறுப்புத்தானே என்றாள். செத்ததைத் தின்கிறதுக்குப் படையல் வைக்கமாட்டேன் என்றேன். வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. நான் ஒரு கல்லில் குந்திவிட்டேன்.

"நீங்கள் சாப்பிடுங்கோ அம்மா. இந்த வயதிலை உது கூடாது."

"நீ சாப்பிடு. இரவு வேலையெல்லே."

"நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிடன்."

இப்படி இரண்டு பேரும் இரண்டு கல்லில் குந்தியிருந்தோம். அவளுக்கும் என் குணம்தான்.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு நரி வந்தது. எங்கள் ஊர் நரியைவிடக் கொழுத்தது, வால் ஒரு விளக்குமாறு. எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு நேரே இலைக்குப் போனது. சோற்றை மணந்தது. பூசணிக்காயை மூக்கால் தள்ளியது. வடையைக் கவ்வி, அங்கேயே நின்று மென்று தின்றது. தின்றுவிட்டு என்னைப் பார்த்தது. இன்னொன்று எறிந்தேன். அதையும் தின்றது.

மார்த்தா கதவடியில் நின்று ஏதோ சொன்னாள். வதனி சொன்னாள்: "இஞ்சை நரிக்குச் சாப்பாடு வைக்கிறது தடையாம். ஆனால் தான் இப்ப மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறாவாம்."

"காகத்துக்குத்தான் வைச்சது எண்டு சொல்லு. நரி திண்டால் நான் என்ன செய்ய? பூசணிக்காயைத் தள்ளிப்போட்டு வடையைத் தின்னுது பார். கொப்பரும் உப்பிடித்தான்."

வதனி சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்தாள். பிறகு துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா."

"என்ன?"

"அப்பா கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

ஒரு வருடம் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

"அரை இடியப்பம் பிள்ளை. சொதியிலை நனைச்சு, நான்தான் தீத்தினனான். மற்றப் பாதியை நீ சாப்பிடு எண்டு சொன்னவர்."

"நோ இருந்ததோ?"

"இல்லை. மூச்சுத்தான் கொஞ்சம் வாங்கினது. விறாந்தைக்குக் கொண்டுபோ எண்டவர். சிறீதான் தூக்கிக்கொண்டுபோய்ச் சாய்மனைக் கதிரையிலை இருத்தினவன். விடியலிலையிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வானத்தைப் பாத்தார். 'இஞ்சை மப்பாய்க் கிடக்கு. பிள்ளைக்கு இப்ப அங்கை இரவெல்லே. வானம் வெளிச்சிருக்கோ தெரியேல்லை' எண்டார். எனக்கு என்ன தெரியும்? கேட்டுச் சொல்லுறன் எண்டன். நான் தண்ணி எடுத்துக்கொண்டு வர, தலை சாய்ஞ்சு போச்சுது. பிறகு கதைக்கேல்லை."

வதனி குந்தியிருந்தபடியே என் மடியில் தலையை வைத்தாள். நாற்பது தாண்டிய பிள்ளை. நரைத்த மயிரைக் கோதிக்கொண்டிருந்தேன். நரி மிச்சச் சோற்றையும் தின்றுவிட்டுப் போனது. அதன் பிறகு நாங்கள் சாப்பிட்டோம். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அன்று பொழுது படக் காற்று விழுந்துவிட்டது. கூண்டின் கதவு புகையிலைக் குடில் கதவு மாதிரிக் கிறீச்சிட்டுத் திறந்தது. எர்னான் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நான் காற்றோடு கதைத்ததாக அவர் நினைப்பு. நானும் மறுக்கவில்லை.

வதனி என்னைத் தன் கதிரைக்குப் பக்கத்தில் இருத்தினாள். திரையில் ஒரு கோடு, ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எடுக்கிற கோடு மாதிரி. ஒரு மேடு, அதற்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகமாம் அந்த வெள்ளியின் காற்று. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறொன்றைத் திறந்தாள்.

"இது போன வருசம் அப்பா செத்த அண்டைக்கு எடுத்தது. இதே வெள்ளி. இண்டைவரைக்கும் நான் திறந்து பாக்கேல்லை. இது இல்லாமல் மற்றதுகளை ஒப்பிட ஏலாது எண்டு தெரிஞ்சும் திறக்கேல்லை."

"ஏன் பிள்ளை?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணை அந்த நேரத்திலை ஒரு நாளும் எனக்கு எடுக்கமாட்டார். பேரைக் கண்ட உடனை எனக்குத் தெரிஞ்சிட்டுது. அவர் வாயாலை சொன்னால் முடிஞ்சுபோம் எண்டு, வேலையாய் நிக்கிறன் எண்டு சொல்லி வைச்சிட்டன். வெளியிலை போய் நிண்டன். பிறகு உள்ளுக்கு வந்து இதை எடுத்து முடிச்சன். வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அதுக்குப் பிறகு வீட்டுக்கு வர எனக்கு முகம் இல்லை அம்மா."

நான் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தேன். மற்றதைவிடத் தெளிவாகத்தான் இருந்தது, எனக்கே தெரிந்தது.

"அவர் கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்லை," என்றேன். "நீ சொல்லு. அண்டைக்கு இஞ்சை எப்பிடி?"

அவள் அந்த நாளின் பதிவைப் பார்த்தாள். பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

"வெளிச்சிருந்தது அம்மா. ஒரு மப்பில்லை. காத்தில்லை. அந்த வருசத்திலையே நல்ல இரவு அதுதான்."

நான் திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. இங்கே இப்போது மழை. சண்டிலிப்பாயில் கண்டவர் எல்லாரும் சிலியில் என்ன கண்டாய் என்று கேட்டார்கள். வேலியில்லாத காணியையும் நரியையும் பற்றிச் சொன்னேன். சிறீ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும், கால் வீங்கினதோ, சாப்பாடு ஒத்துக்கொண்டதோ என்று கேட்டுக்கொண்டு வந்தான். தங்கையின் பெயரை எடுக்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு நான் வலியப் போய்ச் சொல்லமாட்டேன். அது என் குணம், இந்த வயதில் மாறாது. அதற்காகத்தான் அவன் மகள் சுபாவைப் பிடித்து இருத்தி, நான் சொல்லச் சொல்ல இவ்வளவையும் எழுதுவித்தேன்.

சுபா, எழுதினது காணும், போதும். இனித் திருப்பி ஒருக்கால் வாசி பிள்ளை. உள்ளுக்குப் போக வேண்டாம், விறாந்தையிலை வந்து இருந்து, உரத்து வாசி. உன்ரை கொப்பன் சிறீ முத்தத்துக் கொட்டிலிலை வெங்காயம் பிடி கட்டிக்கொண்டு இருக்கிறான். மழைச் சத்தத்துக்கு மேலாலை கேக்க வேணும்.